ஒரு சாண் மட்டும் நான் கட்டியது

இன்று பிப்ரவரி 14. மனைவி கோயிலுக்குப் போயிருக்கிறாள். ஆறு மணிக்குத் திரும்பிவிடுவாள். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும்.

போன வருஷம் இதே நாளில் நான் அவளுக்கு என் கையாலேயே பூ வளையம் கட்டிக் கொடுத்தேன் என்பது எங்கள் சொந்தத்தில் நாற்பது பேருக்காவது தெரியும். அதை நான் கட்டவில்லை.

ஆரம்பித்து வைத்தவள் மகள். வெளியூரில் வேலை பார்க்கிறாள். யாரோ வெள்ளைக்காரர் வீட்டுக் கதவில் இதய வடிவில் ஒரு பூ வளையம் தொங்குகிற படத்தைக் கைபேசியில் அனுப்பி, "அம்மாவுக்கு இத்தனை வருஷத்துல என்னப்பா செஞ்சிருக்கீங்க? கடையில வாங்காம கையால ஒண்ணு செஞ்சு குடுங்க, பாப்போம்" என்றாள். யோசித்துப் பார்த்தால் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 1999-இல் கதிர் எடுத்த 'காதலர் தினம்' படத்துக்குக் கூட்டிப் போனேன். அதோடு அந்த விஷயத்தில் என் கடமை முடிந்துவிட்டதாக இருந்துவிட்டேன். ரோஷம் வந்துவிட்டது.

விடிந்தும் விடியாமலும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நின்றேன். மாலை கட்டுகிற கடை ஒன்றில், "வளையம் கட்டுறதுக்குச் சட்டம் மட்டும் தனியாக் கிடைக்குமா?" என்று கேட்டேன். கடைக்காரர் கையிலிருந்த வேலையை நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்பண்ணே எடுக்குறாக?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவரிடம் உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. நம் ஊரில் பூவை வட்டமாகக் கட்டினால் அது ஒன்றே ஒன்றுக்குத்தான். உயிரோடிருக்கிற பெண்டாட்டிக்கு என்று எப்படிச் சொல்வது? "சாயங்காலம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். யோசித்தால், அன்றைய முதல் பொய் அதுதான்.

சட்டத்துக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை வளைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்து, கால் கிலோ மல்லியும் கொஞ்சம் பன்னீர் ரோஜாவும் ஒரு பிடி மரிக்கொழுந்தும் வாங்கினேன். பனி காலத்தில் மல்லிச் செடி சரியாகப் பூக்காது. மாசியில் முகூர்த்தம் வேறு. கால் கிலோவுக்கே எழுநூறு ரூபாய். சித்திரையில் குவித்து வைத்துக் கூவிக் கூவி விற்கிற அதே பூ.

மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. இதழ் தடிமன், வாசனை எல்லாம் ஊரறிந்தது. ஆனால் கட்டுகிறவருக்கு அதில் ஒரு கணக்கு இருக்கிறது. விடியலில் பறிக்கிற மொட்டு சாயங்காலம்தான் வாய் திறக்கும். அதற்குள் கட்டி முடித்துவிட வேண்டும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், ஈர வாழைநாரை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி இழுக்கணும். இறுக்கினால் நார் காம்பை அறுத்துவிடும். விட்டுப் பிடித்தால் எடுத்துத் தூக்கும்போது பூவெல்லாம் தரையில். இது எனக்கு அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்குத்தான் தெரிந்தது. மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஆறு மணி நேரம் உட்கார்ந்து நான் கட்டியது ஒரு சாண். கம்பி குத்தி இடது கட்டைவிரலில் நல்ல காயம். கூடத்துத் தரை முழுக்கக் காம்பறுந்த மொட்டு.

எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலை ஒட்டி ஓர் அக்கா பூக் கட்டி விற்கிறார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கம்பியையும் மிச்சப் பூவையும் துணிப்பையில் போட்டு மறைத்துக்கொண்டு அவரிடம் போனேன். அக்கா பையைத் திறந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "பூவை இம்புட்டு நசுக்கியிருக்கீகளே தம்பி" என்று மட்டும் சொன்னார். இருநூறு கேட்டார். நான் நூற்றைம்பது என்றேன். ஒரு மணி நேரம் முன்புதான் அந்த வேலை எவ்வளவு பாடு என்று என் விரல் எனக்குச் சொல்லியிருந்தது. அப்படியும் பேரம் பேசினேன்.

பேசிக்கொண்டே கட்டினார். கை தன்பாட்டுக்கு ஓடியது, அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் கம்பி தெரியாமல் பூ மூடிவிட்டது. நான் கட்டின ஒரு சாணை மட்டும் அவிழ்க்கவில்லை. "ஒங்க கையும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று அதை அடிப்பக்கம் வைத்துச் சேர்த்தார்.

ஆறரைக்கு மனைவி வந்தாள். மொட்டு அப்போதுதான் விரிய ஆரம்பித்திருந்தது. நிலைப்படி ஆணியில் தொங்கியதைப் பார்த்தவள் செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டாள். "நீங்களா?" என்றாள். நான் ஆம் என்றுகூடச் சொல்லவில்லை. கட்டைவிரலைக் காட்டினேன். காயம் நிஜம், அதுதான் வசதியாகப் போயிற்று.

"எங்க ஊர் மாலை மாதிரி இருக்குங்க" என்றாள். அவள் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். சித்திரைத் திருவிழாவில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை அங்கிருந்து மதுரைக்கு வரும். தல்லாகுளத்தில் கள்ளழகர் அதைச் சாத்திக்கொண்ட பிறகுதான் வைகையில் இறங்கப் புறப்படுவார். வருஷா வருஷம் அந்த மாலையைப் பார்க்கக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு போகிறவள், இதற்கு மேல் எனக்கு ஒரு பாராட்டுச் சொல்லிவிட முடியாது. ஆண்டாளும் அப்பாவுக்குத் தெரியாமல்தான் மாலையைச் சூடிப் பார்த்தாள் என்று அன்றிரவு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை. பெரியாழ்வார் நந்தவனம் போட்டுத் தன் கையால் கட்டிய மாலை அது. ஊரார் கட்டியதைத் தன்னுடையது என்று அந்த வீட்டில் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில், "அடியில மட்டும் ஏங்க இப்படி உதிருது?" என்று கேட்டாள். "அது நான் கட்டத் தெரியாமக் கட்டினது" என்றேன். அந்த இரண்டு நாளில் நான் சொன்ன ஒரே உண்மை. அவள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

இதுவரை சொன்னது அசட்டுத்தனம். மன்னித்துவிடலாம். எழுத உட்கார்ந்தது இனிமேல் சொல்லப்போவதற்காக.

இரண்டு நாள் கழித்து நாங்கள் இருவரும் வண்டியில் போகும்போது, வழக்கம்போல ஒரு முழம் வாங்க அக்காவிடம் நிறுத்தச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு பூக் கட்டுனாருக்கா! அப்படியே வளையமா!" என்றாள் பெருமை தாங்காமல். எனக்கு வண்டியின் கைப்பிடி வழுக்கியது. அக்கா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. "அப்படியா தாயி, நல்லாக் கட்டுவாக போல" என்று சொல்லி முழத்துக்கு மேல் நாலு கண்ணி சேர்த்து அறுத்துக் கொடுத்தார்.

அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் காப்பாற்றியதுதான் தாங்கவில்லை. அடுத்த வாரம், சாப்பிடும்போது, சர்வசாதாரணமாகச் சொன்னேன்: "அந்தக்காகிட்ட இனிமே வாங்காத. பழைய பூவைத் தண்ணி தெளிச்சுக் கட்டுது. ராத்திரிக்குள்ள வாடிப் போகுது." மனைவி நம்பினாள். நான்தான் இப்போது பூக் கட்டத் தெரிந்தவனாயிற்றே. அன்றிலிருந்து பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் வாங்குகிறோம். தினம் ஒரு முழம், ஒரு வருஷம். அவள் தங்கையிடம் சொல்லி, தங்கையும் நிறுத்திவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. நான் அந்த முனை வராமல் சுற்றுவழியில் போகப் பழகிக்கொண்டேன்.

இன்று காலை மனைவி, "இந்த வருஷம் நீங்க கட்ட வேண்டாம். எனக்குக் கத்துக் குடுங்க, ரெண்டு பேருமாக் கட்டுவோம்" என்றாள். நான் வெளியே போய்விட்டுத் திரும்புவதற்குள் பூ வாங்கி வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறாள். பழைய கம்பியைத் துடைத்து வைத்திருக்கிறாள். கிண்ணத்துத் தண்ணீரில் வாழைநார் ஊறுகிறது. மொட்டு இன்னும் வாய் திறக்கவில்லை.

பஸ் ஸ்டாப் கடையில் பாலிதீன் பையில்தான் போட்டுத் தருவார்கள். மேசைமேல் இருப்பது தாமரை இலைப் பொட்டலம். அதைச் சுற்றியிருக்கிற நாரில் விழுந்திருக்கிற முடிச்சை நான் ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

மணி ஐந்தே முக்கால். கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது.