தூபியுங் குமிழும்

ஒரு கட்டடத்தின் உறுப்புக்களுள்ளே தொலைவில் வருவார்க்கு முதலிலே தோன்றுவது யாதோ, அதுவே அண்மையில் வந்து நின்றார்க்கு முதலில் மறைந்துவிடுகின்றது. வயல்வெளி கடந்து வரும் வழிப்போக்கன் பனைமரங்களின் தலைகளுக்கு மேலே பொற்புள்ளி ஒன்றைக் கண்டு, அங்கே ஒரு கோயில் உண்டென்று கைகூப்புகின்றான். கோபுர வாயிலை அடைந்து அண்ணாந்து பார்க்குமிடத்துப் பொம்மைகளும் மாடங்களுமே அவன் கண்ணை நிறைக்கின்றன. முடியிலிருந்த கும்பம் அவற்றின் பின்னே ஒளிந்துகொள்கின்றது. எல்லாருங் கண்டும் ஒருவரும் உற்றுநோக்காத அவ்வுறுப்பைப் பற்றிச் சிறிது எழுதலாமென எண்ணினோம். யூபிலி மலருக்குக் கல்லூரியின் வளர்ச்சி, பழைய மாணவர் புகழ் என்னும் பெரும்பொருள்கள் பல இருக்க, இஃதென்ன பொருள் என்று அன்பர்கள் நகைத்தல் கூடும். பெரும்பொருள்களை எழுதுதற்குப் பெரியோர் பலர் உளர்.

சிற்ப நூலார் இதனைத் தூபி என்பர். வழக்கிலே கலசம், கும்பம் என்கின்றோம். தாதுகோபத்தின் உச்சியில் நிற்பதைச் சிங்கள மக்கள் கொத் என்பர். கட்டிற்காலின் தலையிலும், மாடிப்படிக் கைபிடியின் முதற்கம்பத்திலும், வேலித்தூணின் மேலும், திரைச்சீலைக் கம்பியின் நுனியிலும் அமையும்போது அதற்குக் குமிழ் என்று பெயர். கோயிற் கலசத்தையும் கட்டிற் குமிழையும் ஒரு வரிசையில் வைத்துப் பேசுதல் தகுமோவெனின், தகும். இரண்டும் ஒரு குலத்தனவே.

இவை வெறும் அழகுக்காக வைத்தவை என்று தள்ளிவிடுவாரோடு நாம் உடன்படோம். மரத்தூணின் தலையில் வெட்டுமுகம் திறந்து கிடந்தால் அது மழைநீரைக் குடித்து உளுத்துப்போம். உருண்டையாகக் கடைந்து கவித்த குமிழ் நீரை வழிந்தோடச் செய்து தூணைக் காக்கின்றது. திரைச்சீலைக் கம்பியின் நுனியில் குமிழ் இல்லையாயின் வளையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். பிரான்சிலும் இங்கிலாந்திலுமுள்ள இடைக்காலத் தேவாலயங்களைப் படத்திலேனும் கண்டவர்கள், சுவரை வெளியே நின்று தாங்கும் உதைதூண்களின் தலையில் கற்கூம்புகள் எழுந்து நிற்பதை நோக்கியிருப்பர். வளைகூரை சுவரைப் புறத்தே தள்ளுகின்றது. கூம்பின் பாரமோ அத்தள்ளுவிசையை நிலத்தை நோக்கித் திருப்ப உதவுகின்றது. அழகென்று கருதிக் கூம்பை அகற்றுபவன் கூரைக்குத் தீங்கு தேடுகின்றான்.

நம்முடைய கலசத்திற்கும் இத்தகைய ஓர் எளிய பிறப்பு இருத்தல் வேண்டும். நடுவே ஒரு கம்பம் நாட்டி, நாற்புறமிருந்தும் கைமரங்களை அதன் தலையிற் கூட்டி, ஓலையோ வைக்கோலோ வேய்ந்த ஒரு குடிலை நினைத்துக்கொள்க. மரங்கள் கூடும் அம்முனையே மழை முதலில் இறங்கும் இடம். அதன்மேல் ஒரு குடத்தைக் கவித்துவிட்டால் ஒழுக்கு நின்றுவிடும். மண்குடம் செப்புக்குடமாயிற்று, செப்புக்குடம் பொற்குடமாயிற்று. கல்லாலான விமானத்தில் ஒழுகுதற்கு ஓலையில்லை. ஆயினும் குடம் இறங்கவில்லை.

விமானத்தை ஆறு அங்கங்களாகப் பகுப்பது சிற்ப மரபு: அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், தூபி. அடியிலிருந்து எண்ணினால் இறுதியில் நிற்பது தூபி. அதனை வைக்காதவரை ஏனைய ஐந்தும் எவ்வளவு சிறந்தனவாயினும் கோயில் முடிந்ததாகாது. வட்டமாயும் சதுரமாயும் எண்கோணமாயும் சிகரம் அமையுமிடத்துத் தூபி ஒன்றே. கோபுரத்தின் தலையோ கூடாரவண்டியின் கூடுபோல நீண்டு கிடப்பது. அதற்கு முனையில்லை, முகடே உண்டு. ஆகையால் அங்கே 5, 7, 9 என ஒற்றைப்பட்ட கும்பங்கள் வரிசையாக நிற்கின்றன. குடமுழுக்கு நாளில் நீர் சொரியப்படுவது இவற்றின்மீதே. அப்பொழுதுதான் கீழே திரண்டு நிற்கும் ஆயிரங் கண்கள் ஒருசேர மேலே நோக்குகின்றன. அதன்பின் பன்னிரண்டு வருடத்துக்கு எவரும் நோக்குவதில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலின் தூபிக்கு மாத்திரம் ஒரு பெருஞ் சிறப்பு உண்டு. அது வைக்கப்பட்ட நாளை நாம் அறிவோம். இராசராசன் தனது ஆட்சியின் 25ஆம் ஆண்டு, 275ஆம் நாளிலே, கி.பி. 1010இல், விமானத்துச் செப்புத் தூபித்தறியின்மேல் வைத்தற்குச் செப்புக்குடம் ஒன்று கொடுத்தான். அதன் நிறை 3,083 பலம். அதன்மேற் போர்த்த பொற்றகடு 2,926½ கழஞ்சு. கழஞ்சை ஏறக்குறைய 5 கிராம் எனக் கொண்டால் 14 கிலோவுக்கு மேற்பட்ட பொன் ஆகின்றது. அரைக் கழஞ்சையும் விடாது எழுதிய அக்கணக்கை நினைக்குந்தோறும் நாம் வியப்படைகின்றோம். மன்னன் கொடுத்த பொன் பெரிதன்று. மன்னர் பலர் கொடுத்தனர். இருநூறு அடிக்கு மேலே, பருந்தன்றிப் பிறர் அணுகமாட்டாத இடத்தில் வைத்த பொருளின் நிறையை, நிலத்தில் நிற்பவன் வாசிக்குமாறு விமானத்தின் அடிப்பகுதியிலே கல்லில் வெட்டுவித்தானே, அதுவே பெரிது.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க மற்றொன்று ஆக்கிராவில் உண்டு. தாஜ் மஹாலின் பெருங் குவிமாடத்து உச்சியில் நிற்கும் தூபி முதலிற் பொன்னாலாயது; 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொன்முலாம் பூசிய வெண்கலத்தூபி அதனிடத்தில் வைக்கப்பட்டது. இசுலாமிய மன்னன் எடுப்பித்த கல்லறையின் முடியிலே பிறைக்குக் கீழே கலசவடிவு நிற்பதை அன்பர்கள் கருதுக. கல்லறையின் கிழக்கேயுள்ள மண்டபத்தின் முன்னே, செம்மணற்கல் பாவிய தளத்தில் அத்தூபியின் உருவம் கருங்கல் இழைத்து வரையப்பட்டிருக்கின்றது. மேலே விரலளவாய்த் தோன்றும் பொருள் கீழே பலரைத் தலைகால் நீட்டிப் படுக்கவைத்தாலொத்த நீளமாய்க் கிடத்தலைக் காண்போர் திகைப்பர்.

அத்தகைய திகைப்பு நமக்கும் ஒருமுறை வாய்த்தது. நாம் கல்லூரியிற் பயின்ற காலத்தில் நமது ஊர்க்கோயிலிலே திருப்பணி தொடங்கிற்று. கோபுரத்து ஐந்து கும்பங்களையும் இறக்கி வசந்தமண்டபத்து மூலையிலே சாக்கு விரித்து வைத்திருந்தனர். தாமரைப்பீடம், குடம், கழுத்து, மொட்டு என ஒவ்வொன்றும் தனித்தனிப் பாகமாய், நடுவே துளையுடையதாய், தறியிற் கோக்கத்தக்கதாய் இருந்தது. மொட்டு நீங்கலாகவே நமது மார்பளவு உயரம். தகட்டிலே சுத்தியலின் தழும்புகள் மீன்செதில்போல வரிசையாகப் படிந்திருந்தன. பொருத்துவாய் மயிரிழையாக ஓடிற்று. கோபுரத்தின் மேலே எந்தப் பக்கம் வானை மாத்திரம் நோக்கி நின்றதோ அந்தப் பக்கத்திலும் அதே வேலைப்பாடு. ஒரு குடத்தின் அடிவிளிம்பில் உபயகாரர் பெயரும் ஊரும் உளியாற் குத்தப்பட்டிருந்தன. கன்னாதிட்டி என்னும் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நகைக்கடைகளே இன்று நினைவுக்கு வருகின்றன. அப்பெயரில் நிற்கும் கன்னாரை நாம் கண்டது அன்றுதான், அவர் கைவேலையின் வாயிலாக.

இனிக் கலசத்தைப் பற்றி மேடைகளில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கூற்றைக் குறிப்பிடாது விடமாட்டோம். கலசம் இடியைத் தாங்குங் கருவி என்றும், அதனுள் இடப்படும் வரகு அத்தொழிலுக்கே உரியது என்றும், மேனாட்டார் அறியாததை நம்முன்னோர் அறிந்தனர் என்றும் சொல்கின்றார்கள். நமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் திருநீறணிந்த நெற்றியோடு நின்று இதனை மறுத்தார். மின்னல் கூர்நுனியில் விழுந்தாற் போதாது. விழுந்தது நிலத்துக்கு இறங்க உலோகவழி வேண்டும். பிராங்கிளின் பட்டம் விட்டது 1752இல். வெனிசு நகரத்துப் புனித மாற்குக் கோயிலின் மணிக்கோபுரம் பலமுறை இடியால் தாக்குண்டு, 1776இல் நிலம்வரை இறங்கிய இடிதாங்கி பெற்றது. சுண்ணமும் செங்கல்லுமான கோபுரத்தின்மேல், கீழே யாதொரு கம்பியும் இன்றி நிற்கும் செப்புக்குடம் மின்னலை வரவேற்குமேயன்றி வழியனுப்பாது. இலங்கையிலும் இக்கதை புதிதன்று. சங்கதிஸ்ஸ மன்னன் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாதூபத்தின் உச்சியில் வைத்த வைர வளையத்தை மகாவம்சம் கூறும். 1837இல் அந்நூலை ஆங்கிலப்படுத்திய டேணர், அது இடிக்குக் காப்பாக வைத்த கண்ணாடி முடி என்றார். கண்ணாடியோ வைரமோ மின்னைக் கடத்தாது. வரகு விதைப்பஞ்சத்துக்குச் சேமித்த வித்து என்பாரும் உளர். குளிர்ந்து உலர்ந்த இடமே வித்துக்கு ஏற்றது. உச்சிவெயிலிற் கொதிக்கும் செப்புப்பாத்திரம் களஞ்சியமாகாது. வித்து நிறைந்த குடம் உச்சியில் நிற்பதற்கு நம் சமயம் கூறும் கருத்து போதும். அதற்குப் பௌதிகத்தின் சான்றுப்பத்திரம் வேண்டுவதில்லை.

இப்பொய்யால் வரும் கேடு சிறிதாயின் நாமும் வாளா இருந்திருப்போம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கடந்த சில பத்தாண்டுகளாக ஒரு மோசடி நடந்துவருகின்றது. இடி விழுந்த பழங்கலசத்தில் இரிடியம் விளைந்திருக்கும், அஃது அரிசிமணிகளைத் தன்பால் இழுக்கும், கோடிக்கணக்கில் விலைபோகும் என்று சொல்லி, எளியாரையும் பேராசைக்காரரையும் வஞ்சிக்கின்றனர். அதனை நம்பிக் கோயிற் கலசங்களைத் திருடினவர்களும் உண்டு. இரிடியம் 1803இல் இங்கிலாந்தில் தெனந்து என்பவராற் கண்டறியப்பட்ட ஒரு தனிமம்; பொன்னினும் பாரமானது. மின்னல் செம்பை இரிடியமாக்காது. இரிடியம் அரிசியை இழுக்காது. கலசத்திலே அற்புத விஞ்ஞானம் உண்டென்று மேடையிற் பேசும் நல்லோர், தம்மை அறியாமலே இத்திருடருக்கு விளம்பரஞ் செய்கின்றனர் என்பது நமது எண்ணம்.

திருடர் கொண்டுபோனவற்றினும் நாமே கொடுத்தவை அதிகம் என்று அஞ்சுகின்றோம். பல ஆண்டுகளின் பின்னர் நாம் ஊர் சென்றபோது கோபுரத்தில் ஐந்து கும்பங்கள் பளபளவென்று நின்றன. இயந்திரத்தில் ஒரே அச்சாக இழைத்தவை, மீன்செதில் இல்லை, பொருத்துவாய் இல்லை. பழையவை எங்கே என்று வினவினோம். அடுத்த திருப்பணியின்போது பழஞ்செம்பு விலைக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டதாகப் பொறுப்பாளர் ஒருவர் கூறினார். அவர்மேற் குறையில்லை, புதியது செய்யப் பணம் வேண்டியிருந்தது. எத்தனை இறாத்தல் என்று கேட்டோம். அதற்குத் துண்டு இருந்தது. உபயகாரர் பெயர் என்னவென்று கேட்டோம். அஃது எவருக்கும் நினைவில்லை. நாமும் அன்று வாசித்த பெயரை இன்று எழுதமாட்டாதிருக்கின்றோம்.

போர் நீங்கிய பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பல கோயில்கள் புதுப்பிக்கப்பட்டன. மேலும் பல திருப்பணிகள் நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் சில வாரங்களுக்குக் கும்பங்கள் நிலத்தில் இருக்கும். இடித்தாலும் உடைந்தாலும் மாற்றாதிருங்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. செம்பு தேயும், பொன்முலாம் உரியும், புதியது வேண்டியதே. இறக்கியவுடன் அளந்துகொள்ளுங்கள் என்று மாத்திரம் கேட்கின்றோம். இதற்குப் பெரும்பொருள் வேண்டாம். கும்பத்தைச் சுவரோரமாக நிறுத்திப் பின்னே வெள்ளைக் கடதாசி ஒட்டி, ஒரு மட்டப்பலகையை விளிம்பில் தொடவைத்து, அங்குலத்துக்கு ஒரு புள்ளியாக இட்டு இணைத்தால் அதன் முழு வடிவமும் உண்மையளவிற் கிடைக்கும். நமது கல்லூரிச் சித்திர வகுப்பு மாணவர் இருவர் ஒரு காலைப்பொழுதில் ஐந்தையும் முடிப்பர். நிறையை நிறுவையிலிட்டு எழுதுக. விளிம்பெழுத்து உண்டாயின் மாக்கட்டியைத் தூளாக்கித் தேய்த்து, எழுத்து வெளிப்பட்டபின் படம் பிடிக்க.

அயலூர்ப் பிள்ளையார் கோயில் ஒன்றிலே இவ்வாறு செய்துவைத்த தாள் இப்பொழுது கண்ணாடிச் சட்டத்துள் அலுவலக அறையில் தொங்குகின்றது. மூன்று கும்பங்கள். நடுவிலுள்ளது மூன்றடி ஏழங்குலம். பக்கத்தவை இரண்டும் மூன்றடி நாலங்குலம். இடப்பக்கத்ததன் மொட்டிலே ஒரு சிறு நெளிவு உண்டு. வரைந்த பிள்ளைகள் அதனையும் விடாது வரைந்திருக்கின்றார்கள்.