ஒளித்து வைக்க வேண்டியது கேமராவை அல்ல!

சுவர்க் கடிகாரம், செல்போன் சார்ஜர், பேனா, போட்டோ ஃபிரேம், புளூடூத் ஸ்பீக்கர்... இன்று எதற்குள் வேண்டுமானாலும் ஒரு கேமரா இருக்கலாம். ஷாப்பிங் தளத்தில் 'ஸ்பை கேமரா' என்று டைப் செய்தால் பக்கம் பக்கமாக வருகிறது. ஒரு சுமாரான பட்டுச் சேலைக்கு ஆகும் காசுகூட வேண்டியதில்லை.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால், சி.சி.டி.வி காட்சி இல்லாமல் எனக்கு ஒரு ஷிஃப்ட்டும் முடிவதில்லை. செயின் பறிப்பு, பைக் திருட்டு, ஷட்டர் உடைப்பு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். அதனாலேயே சொந்தக்காரர்கள் யார் கேமரா வாங்க நினைத்தாலும் முதல் போன் எனக்குத்தான். போன வருடம் அப்படி இரண்டு போன்கள். ஒன்று, மதுரையில் அப்பத்தா வீட்டுக்காக. இன்னொன்று, திண்டுக்கல்லில் மாமாவின் கடைக்காக. இரண்டு பேரும் கேட்டது ஒன்றைத்தான்: "வெளிய தெரியாத மாதிரி ஒண்ணு சொல்லு."

அப்பத்தாவின் கையில் ரத்தக்கட்டு

அப்பத்தாவுக்கு 82 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தார். கூட இருக்கும் அத்தை பகலில் வேலைக்குப் போய்விடுவார். காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருவார். மற்ற எல்லோரும் வெளியூர். சித்தப்பா துபாயில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், அப்பத்தாவின் முழங்கைக்குக் கீழே நீலமாக ரத்தம் கட்டியிருந்ததைச் சித்தப்பா பார்த்துவிட்டார். அரை மணி நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் வந்து விழுந்தது. கடிகாரத்துக்குள் கேமரா. "கட்டிலுக்கு எதிர மாட்டிருவோம். அந்தப் பொண்ணுக்குச் சொல்ல வேண்டாம். தெரிஞ்சா நல்லபடியா நடிக்கும். என்ன பாப்பா, இது நல்ல மாடலா?" என்று என்னைக் கேட்டிருந்தார்.

அவருடைய பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்து, அம்மாவின் கையில் நீலம் பார்க்கிற மகனுக்கு வேறு என்ன தோன்றும்?

மாடலைப் பார்த்தேன். ஒளிந்திருக்கும் கேமராக்களுக்கே உரிய குறைகள் அதிலும் இருந்தன. ஊசிமுனை அளவு துளை வழியாகப் பார்க்கும் லென்ஸுக்குள் வெளிச்சம் குறைவாகத்தான் போகும். பகலில் பளிச்சென்று தெரியும் படம், விளக்கை அணைத்ததும் புள்ளி புள்ளியாகிவிடும். பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் யாராவது கடிகாரத்தைக் கழற்றிச் சார்ஜ் போட வேண்டும். தினமும் கடிகாரத்தைக் கழற்றினால் ரகசியம் எத்தனை நாளைக்கு?

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், அந்தக் கட்டில். அப்பத்தாவுக்கு உடம்பு துடைப்பது, துணி மாற்றுவது, பெட் பேன் வைப்பது எல்லாம் அங்கேதான். கடிகாரம் மாட்டினால் அத்தனையும் பதிவாகும். ஆப் மூலம் அப்பா, பெரியப்பா, சித்தப்பா, அண்ணன்கள் என்று ஏழு போன்களுக்குப் போகும். நாங்கள் யாரைப் பாதுகாக்க நினைத்தோமோ, அவரைத்தான் அது முதலில் படம் பிடிக்கும்.

"சித்தப்பா, அப்பத்தாகிட்ட கேட்டீங்களா?" என்றேன். "அம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றார். அத்தை கேட்டார். அப்பத்தா சொன்ன பதிலை அத்தை அப்படியே குரூப்பில் வாய்ஸ் நோட்டாகப் போட்டுவிட்டார்: "எனக்குத் துணி மாத்துறத துபாய்ல உக்காந்து எம்மகன் பாக்கணுமாக்கும்? இடுப்புதான் ஒடிஞ்சிருக்கு. வெக்கம், மானம் ஒடியல."

குரூப்பில் அன்றைக்கு அதற்குப் பிறகு யாரும் எதுவும் போடவில்லை.

மறுநாளே அத்தை டாக்டரிடம் காட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு, கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தாலே தோலுக்கு அடியில் ரத்தம் கட்டலாம் என்றார் டாக்டர். எல்லா ரத்தக்கட்டுக்கும் இதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடிபட்ட தழும்பும் இருக்கலாம். ஆனால், சந்தேகம் அவ்வளவு வலுவாக இருந்தால் செய்ய வேண்டியது டாக்டரிடம் காட்டுவது, பெரியவரிடம் தனியாகக் கேட்பது, ஆளை உடனே மாற்றுவது. கேமரா வைத்துவிட்டு இன்னொரு அடி விழட்டும் என்று காத்திருப்பதா பாதுகாப்பு?

அந்த அக்காவிடம் அத்தையே நேரில் பேசினார். "வைங்கக்கா. எனக்கும் நல்லதுதான். நாளைக்கு அப்பத்தா கீழ விழுந்தா, நான் தள்ளிவிட்டேன்னு யாரும் சொல்லக் கூடாதுல்ல?" என்றார் அவர். ஒரே ஒரு நிபந்தனை, கட்டில் பக்கம் வேண்டாம். அதனால் ஹாலில், டி.வி-க்கு மேலே, வாசற்கதவும் அறைக்குள் போகும் வழியும் சமையலறை வாசலும் தெரிகிற மாதிரி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு சாதாரண வைஃபை கேமரா மாட்டினோம். பார்க்கும் உரிமை அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மதியம் அப்பத்தா தானாக எழுந்திருக்கப் பார்த்துச் சரிந்துவிட்டார். பதிவில் சத்தம் கேட்கிறது. மூன்றாவது நொடியில் அந்த அக்கா சமையலறையிலிருந்து கையில் கரண்டியோடு ஓடுகிறார். அன்றைக்கு அவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சித்தப்பா போன் செய்து நன்றி சொன்னார்.

'என் வீடு, என் கேமரா' என்று சொல்ல முடியுமா?

வீட்டிலோ கடையிலோ கேமரா வைப்பது குற்றமல்ல. எதைப் படம் பிடிக்கிறது என்பதில்தான் சட்டம் வருகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமில்லாமல் படம் பிடித்தாலோ, அனுப்பினாலோ, வெளியிட்டாலோ 3 ஆண்டுகள் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கும். யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு பெண் உடை மாற்றுவதையோ கழிப்பறையில் இருப்பதையோ பார்த்தாலோ பதிவுசெய்தாலோ, பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் முதல் முறையே 1 முதல் 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு. வேலைக்கு வரும் பெண் உடை மாற்றும் அறையில் ஒளித்துவைத்த கேமரா இருந்தால், 'நான் திருட்டைக் கண்டுபிடிக்கத்தான் வைத்தேன்' என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

குடும்பத்துக்குள்ளும் இது பொருந்தும். கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வசித்த அண்ணன் தம்பிகளுக்கு இடையே வந்த வழக்கில், கூடக் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2025-ல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒளித்து வைக்கும் கேமரா தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நம் ஊரே பார்த்திருக்கிறது. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் மறைத்துவைத்த கேமராக்கள் சிக்கி, விடுதியை நடத்தியவரே கைதானார். ஹாஸ்டலில் இருந்து வேலைக்குப் போகும் என்னைப் போன்ற பெண்களுக்கு, புது அறைக்குள் நுழைந்ததும் பிளக் பாயின்ட்டையும் பல்பு ஹோல்டரையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் சும்மா வரவில்லை.

நல்ல எண்ணத்தோடு வைத்த கேமராவும் ஆபத்தாகலாம். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில், ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் பரவின. பரிசோதனை அறையில் இருந்த பெண்களின் காட்சிகள் அவை. அந்த அமைப்பின் பாஸ்வேர்டு 'அட்மின்123' என்று செய்திகள் வந்தன. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்துத்தான், 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களையே முடக்கியது.

மாமாவின் கல்லாப்பெட்டி

திண்டுக்கல் மாமாவுக்கு மளிகைக் கடை. ராத்திரி கணக்கு முடிக்கும்போது தினமும் முந்நூறு, ஐந்நூறு குறைகிறது. கடையில் இரண்டு பையன்கள். பல்புக்குள் கேமரா வைத்து யார் என்று பிடித்துவிட வேண்டும் என்பது மாமாவின் திட்டம்.

கேமரா மாட்ட வந்த அண்ணன் அனுபவசாலி. "அண்ணாச்சி, பல்புல வச்சா தலைமுடிதான் தெரியும். கல்லாவுக்குப் பக்கவாட்டுல, கை தெரியுற மாதிரி வைப்போம். பசங்ககிட்டயும் சொல்லிருங்க. அப்புறம் இன்னொண்ணு, நீங்க ஒளிச்சு வைக்க வேண்டியது கேமராவை இல்ல, டி.வி.ஆர் பெட்டியை" என்றார்.

டி.வி.ஆர் என்பது காட்சிகளைப் பதிவுசெய்யும் பெட்டி. பல கடைகளில் அது கல்லாவுக்குக் கீழேயே விளக்கு மின்ன உட்கார்ந்திருக்கும். பூட்டை உடைத்து வரும் திருடன் பணத்தோடு அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறான். கேமரா பத்திரமாக இருக்கும், காட்சி இருக்காது. நான் எழுதும் திருட்டுச் செய்திகளில் 'டி.வி.ஆரையும் தூக்கிச் சென்றனர்' என்ற வரி அடிக்கடி வருவது இதனால்தான். மாமா கடையில் அதைப் பரணில் ஒரு பூட்டிய பெட்டிக்குள், காற்று போக வழி விட்டு வைத்தார்கள்.

பில் மெஷின் நேரத்தையும் கேமரா நேரத்தையும் ஒன்றாக வைத்து, ஒரு வாரக் காட்சியைப் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தார் மாமா. வாடிக்கையாளர் போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டியிருக்கிறார், பில்லில் ரொக்கம் என்று அடித்திருக்கிறது. அந்தப் பணம் வங்கிக் கணக்கில் இருக்கிறது, கல்லாவில் இல்லை. குறைந்த தொகையில் பெரும்பகுதி இப்படிப் போனதுதான். அப்படி அடித்த பில்களில் பாதி மாமாவே அடித்தவை!

எல்லாக் கடையிலும் கதை இப்படி முடியாது. உண்மையிலேயே திருட்டு நடக்கும் கடைகளும் உண்டு. அப்படிச் சிக்கினால், காட்சியைச் செல்போனில் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க, பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அசல் பதிவைத் தொடாமல் போலீஸிடம் கொடுப்பதே நல்லது.

வாங்கும் முன், மாட்டும் முன்...

• எதற்காக என்று முடிவுசெய்யுங்கள். யார் வந்தார் என்று தெரிய வாசல், பணத்துக்குக் கல்லா, பெரியவர்களுக்கு ஹால். படுக்கையறை, குளியலறை, உடை மாற்றும் அறை எப்போதும் வேண்டாம். பக்கத்து வீட்டு ஜன்னலும் வேண்டாம்.

• முகம் தெரியும் உயரத்தில் ஒரு கேமராவாவது இருக்கட்டும். உச்சியில் மாட்டினால் தொப்பியும் தலையும்தான் பதிவாகும்.

• ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்கச் செய்யாதீர்கள். ராத்திரியில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளையாகிவிடும்.

• மெமரி கார்டுக்கு ஓர் எளிய கணக்கு: பதிவு வேகம் 1 எம்.பி.பி.எஸ் என்றால் ஒரு நாளைக்கு 10.8 ஜி.பி. 128 ஜி.பி கார்டில் 11 நாள் நிற்கும். வேகம் இரட்டிப்பானால் நாள் பாதியாகும். பிறகு பழைய காட்சி தானாக அழியும். ஆகவே, ஏதாவது நடந்தால் உடனே அந்தப் பகுதியைச் சேமித்துவிடுங்கள்.

• கரன்ட் போனால் கேமராவோடு வைஃபை பெட்டியும் அணையும். இரண்டையும் யு.பி.எஸ்ஸில் இணையுங்கள்.

• பாதுகாப்புப் பரிசோதனைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். சி.சி.டி.வி கேமராக்களுக்கு இதை மத்திய அரசு 2025 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது.

• மாட்டியவர் வைத்த பாஸ்வேர்டை அவர் கிளம்பியதும் மாற்றுங்கள். ஆப்பில் இரண்டு அடுக்கு உறுதிப்படுத்தல் இருந்தால் ஆன் செய்யுங்கள். யார் யார் போனில் காட்சி தெரிகிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். வேலையை விட்டுப் போன ஆளின் போனில் இன்னும் உங்கள் கடை தெரிந்துகொண்டிருக்கலாம்.

• கேமராவுக்குக் கீழே 'இங்கே பதிவு நடக்கிறது' என்று ஒரு சின்ன அறிவிப்பு ஒட்டுங்கள். யோசித்து வரும் திருடனை அது வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். ஒளிந்திருக்கும் கேமராவால் அது முடியாது.

முதியவர்களுக்குக் கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால் 14567 என்ற உதவி எண் இருக்கிறது. யாரோ உங்களை மறைந்திருந்து படம் பிடித்ததாகத் தெரிந்தால் பொருளைத் தொடாமல் 100-க்கு அழையுங்கள். காட்சி இணையத்தில் வந்துவிட்டால் சைபர் கிரைம் எண் 1930.

இப்போது யார் என்னிடம் கேமரா பற்றிக் கேட்டாலும், பிராண்டு, விலைக்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "இதுல யாரு பதிவாகப் போறாங்க? அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" சொல்லிவிட்டேன் என்றால், நல்ல மாடல் நாலு சொல்வேன். சொல்ல முடியாது என்றால், முதலில் அவரிடம் பேசுங்கள் என்பேன். அதற்குச் செலவே இல்லை.