பத்து சதவீதப் பூச்சி

அந்த ஆகஸ்ட் மாலை என் கிளைடர் கோதுமை வயலில் இறங்கியதற்குக் காரணம் மென்பொருள்தான், அது காற்றைத் தப்பாகச் சொல்லிவிட்டது என்று கிளப் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். சொன்னது பொய்.

ஸ்டுட்கார்ட்டில் வார நாட்களில் புரோகிராம் எழுதுவேன். சனி ஞாயிறுகளில் சுவாபியன் ஆல்ப் மலைத்தொடரின் மேல் எல்எஸ்4 ஓட்டுவேன். எஞ்சின் இல்லாத வண்டி. வெயிலில் சூடான தரையிலிருந்து கிளம்பும் தெர்மலுக்குள் பருந்து மாதிரி வட்டமடித்து ஏற வேண்டும். ஏறிய உயரத்தைச் செலவழித்து அடுத்த தெர்மலைப் பிடிக்க வேண்டும். காற்று அசையாத நாளில் 1000 மீட்டர் உயரம் கையிலிருந்தால் 40 கிலோமீட்டர் போகலாம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகையில் எதிரே 20இல் காற்று அடித்தால், அதே உயரத்துக்கு 32தான்.

1956இல் கிளைடர் பந்தயத்தில் உலக சாம்பியனான அமெரிக்கர் பால் மெக்ரெடியின் பெயரில் ஒரு வளையம் உண்டு. அந்தக் காலத்து விமானிகள் அதைப் பார்த்துத்தான் வேகத்தை முடிவுசெய்தார்கள். இன்று அந்தக் கணக்கை என் மொபைலில் எக்ஸ்சிசோர் என்ற மென்பொருள் போடுகிறது. தன்னார்வலர்கள் எழுதுவது, காசு கிடையாது, நிரலும் திறந்தே கிடக்கிறது.

அன்று எங்கள் கிளப்பின் விமானத் திடலுக்கு இன்னும் 24 கிலோமீட்டர். தெர்மல்கள் ஓய்ந்துவிட்டன. திரையில் ‘சேரும் உயரம்’ மைனஸ் 130. பத்திரமாக வீடு போய்ச் சேர மாட்டாய் என்று அர்த்தம். வேகத்தை முடிவுசெய்யும் மெக்ரெடி எண்ணைப் பூஜ்யமாக்கினேன். அதில் தப்பில்லை, அவசரம் வேண்டாம், இருக்கும் உயரத்தை நீட்டிக்கொள் என்று சொல்வதுதான் அது. மைனஸ் 75 ஆனது.

அடுத்தது ‘பக்ஸ்’. எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். இங்கே நிஜமான பூச்சிகள். இறக்கையின் முன்விளிம்பில் செத்து ஒட்டிய பூச்சிகள் காற்றோட்டத்தைக் கெடுக்கும், அதற்காக வண்டியின் பறக்கும் திறனைப் பத்து சதவீதம் குறைத்து வைத்திருந்தேன். தலையைத் திருப்பினால் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. தெரிந்தும், இறக்கை சுத்தம் என்று மாற்றினேன். மைனஸ் 10. கடைசியாக, திடலுக்கு மேல் கைவசம் இருக்கட்டும் என்று வைத்திருந்த 200 மீட்டரை 100 ஆக்கினேன். பிளஸ் 90. திடல் பச்சையானது. எனக்கு நிஜமாகவே நிம்மதி வந்தது. நானே எழுதிய மார்க்கைப் பார்த்து நானே பூரித்த கதை.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். காற்றின் வேகத்தை என் மொபைல் கண்டுபிடிப்பது நான் வட்டமடிக்கும்போதுதான். வட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்து. கடைசி வட்டம் போட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. அப்போதைய 15ஐ வைத்துக்கொண்டே அது கணக்குப் போட்டது. எதிரே அதற்குள் 30 அடித்துக்கொண்டிருந்தது. அது சொன்னது பழைய காற்று, அது பழையது என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு வட்டம் போட்டுப் பார்த்திருக்கலாம். உயரம் வீணாகும் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். விடையைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான்.

300 மீட்டருக்குக் கீழே வருவதற்குள் கணினியை மறந்துவிட்டு வயலைத் தேடு என்பது எங்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம். நான் 180 வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுவடை முடிந்த வயல் ஒன்று நேர் எதிரே இருந்தது. நான் தேடிக் கண்டுபிடித்ததல்ல.

ட்ரெய்லரோடு வந்தவர் எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர். இறக்கையைக் கழற்றும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: “கைவசம் எவ்வளவு வைத்திருந்தாய்?” “இருநூறு” என்றேன். “காற்றுதான் தப்பாகக் காட்டிவிட்டது” என்றும் சேர்த்துக்கொண்டேன். பறப்புப் பதிவில் நான் வந்த பாதை இருக்கிறது. என் விரல் எதையெதை மாற்றியது என்பது அதில் இல்லை. அலுவலகத்தில் யாராவது புரோகிராமைக் குறை சொன்னால், முதலில் நீங்கள் என்ன டைப் செய்தீர்கள் என்று கேட்கிற ஆள் நான்.

போன சனிக்கிழமை அவர் புதிதாகச் சேர்ந்த பதினாறு வயதுப் பெண்ணிடம், அந்த மென்பொருள் சொல்லும் காற்றை நம்பாதே, இவரையே வயலில் இறக்கிவிட்டது என்று என்னைக் காட்டிச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஈரத்துணியால் இறக்கையில் ஒட்டியிருந்த பூச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.