ஆப் முதல்ல பேரைக் கேட்கக் கூடாது

திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் காலேஜ் ஹாஸ்டல்ல பிள்ளையைச் சேர்த்திருக்கீங்களா? இந்த த்ரெட் உங்களுக்கும்தான்.

காலேஜ் பசங்க மனநலத்துக்கு ஒரு ஆப் பண்ணலாமானு ஐடி தம்பி ஒருத்தர் கேட்டார். தாராளமா. ஆனா முதல் ஸ்கிரீன்லயே பேர், ரோல் நம்பர், காலேஜ் மெயில் கேட்டா அங்கேயே மூடிடுவாங்க. "சார், எச்ஓடிக்குத் தெரிஞ்சிடுமா? வீட்டுக்குப் போன் போயிடுமா?" ஓபியில மாத்திரையைப் பத்திக் கேட்கிறதுக்கு முன்னாடி பசங்க இதைத்தான் கேட்கிறாங்க. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23: சிகிச்சை விவரம் ரகசியம். உயிருக்கு ஆபத்துங்கிற மாதிரி சில விதிவிலக்குதான்.

தினமும் "இன்னைக்கு மூட் 10க்கு எத்தனை?"ன்னு கேட்கிறதெல்லாம் அப்புறம். (பரீட்சை போதாதுன்னு இதுலயும் மார்க்கா!) ராத்திரி ரெண்டு மணிக்கு முடியலைனு திறக்கிறவங்களுக்கு, ஒரு பட்டனைத் தொட்டதும் மனுஷக் குரல் கேட்கணும். அதுக்குப் புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். டெலி மானஸ், 14416. 2022 அக்டோபர்ல தொடங்கினது. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். 2024 அக்டோபர் 10ல அதுக்கு ஆப்பும் வந்தாச்சு.

ஆனா சில ஹாஸ்டல்ல போனையே வாங்கி வச்சுக்கிறாங்க. எவ்வளவு நல்ல ஆப்பா இருந்தாலும் வார்டன் பீரோவுக்குள்ள இருந்து என்ன பண்ணும்? அடுத்த தடவை பிள்ளையைப் பார்க்கப் போறப்ப வார்டன்கிட்ட கேளுங்க: ராத்திரி 14416க்கு எங்க பிள்ளை எந்தப் போன்ல பேசணும்?