எதிர்வீட்டு அண்ணாச்சியும் 0.9உம்



கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்றொரு பேராசிரியர் இருந்தார். 1960களின் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்து ஆராய்ந்தார். வேறுபாடு வண்டிகளின் எண்ணிக்கைதான். ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள். இன்னொன்றில் சுமார் 16,000. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில்.

இந்தத் தெருவில் உங்களுக்கு எத்தனை நண்பர்கள் என்று குடியிருப்பவர்களைக் கேட்டார். வண்டி குறைந்த தெருவில் ஆளுக்குச் சராசரி 3. வண்டி மிகுந்த தெருவில் 0.9. உங்கள் இடம் எதுவரை என்று வரையச் சொன்னதற்கு, முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் வளைத்துக் காட்டினார்கள். நெரிசல் தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். 1981இல் இவற்றை நூலாக்கினார். மறுவருடம் ஏதென்ஸில் கார் விபத்தில் இறந்துபோனார்.

முப்பத்தைந்து வருடம் கணக்கு நடத்தியவன் நான். எந்தத் தசமமும் இந்த 0.9 போல என்னை வருத்தியதில்லை. எங்கள் தெரு புறவழிச்சாலைக்குக் குறுக்குவழியாகி நான்கு வருடமாகிறது. எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு எண்பது வயது. தினமும் மாலையில் எங்கள் திண்ணைக்கு வந்துகொண்டிருந்தவர், இப்போது இருபதடித் தெருவைக் கடக்க முடியாமல் போனில் பேசுகிறார்.

உங்களில் சிலர் நெடுஞ்சாலைத் துறையிலும் மாநகராட்சியிலும் பொறியாளர்கள். சாலையில் எத்தனை வண்டி ஓடுகிறது என்று எண்ணும்போது, அதைக் கடக்கக் காத்து நிற்பவர்களையும் எண்ணுங்கள், பிள்ளைகளே.