வாளியில் நாலு துண்டு

புத்தி கலங்கியவர்களைத்தான் அந்த டாக்டரிடம் அழைத்துப் போவார்கள் என்று நானும் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்னைப் பட்டணத்தில் ஒருவரைக் கேலி செய்ய 'கீழ்ப்பாக்கம்' என்ற ஒரு வார்த்தை போதுமே! அந்த வார்த்தைக்குப் பயந்தே ஒன்றரை வருஷத்தை வீணாக்கினேன்.

எங்கள் ஊர் முகத்துவாரக்குப்பம். எண்ணூரில் ஆறு கடலோடு கலக்கும் இடம். அக்கரையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், இக்கரையில் நாங்களும் எங்கள் வலைகளும். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் சுனாமி வந்தது. சரியாக 19 வருஷம் கழித்து, 2023-இல், அதே டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் வேளையில், பெரியகுப்பத்துக் கடலுக்கடியில் அமோனியா வரும் குழாய் கசிந்துவிட்டது. அந்த மாத ஆரம்பத்தில்தான் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து ஆற்றை நாசமாக்கியிருந்தது. அந்தத் துக்கமே ஆறவில்லை.

யாரோ தெருவில் "ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்தினார்கள். சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு, பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடுரோட்டில் ஓடினேன். எங்கே ஓடுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வீடு திரும்பி மீன் குழம்புகூட வைத்தேன்.

ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. கால் நின்றதே தவிர நெஞ்சு ஓடிக்கொண்டே இருந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி வந்தால் போதும், கை கால் சில்லிட்டுவிடும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தானாக விழிப்பு வரும். குழந்தைகளின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டால் அமோனியா அவ்வளவாக ஏறாது என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து கட்டிலருகே ஒரு வாளித் தண்ணீர். அதில் நாலு துண்டு. இருட்டில் என் வீட்டுக்காரர் அந்த வாளியில் கால் விட்டு விழுந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. தண்ணீர் கொட்டிப் போயிற்றே என்று அழுதேன்.

பிறகு பகலிலும் வர ஆரம்பித்தது. ஒரு நாள் மார்க்கெட்டில் இறால் கூடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது மார்பு இறுகி, மூச்சு முட்டி, இதோ செத்தேன் என்று நினைத்தேன். இ.ஸி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை. தைராய்டு பார்த்தார்கள். அதுவும் சரி. "மனநல டாக்டரைப் பாருங்கள்" என்று சீட்டு எழுதினார்கள். சீட்டை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிட்டேன்.

அதைக் கண்டெடுத்தவர் என் மாமியார். வேப்பிலை அடித்து, தண்ணீர் மந்திரித்துக் கொடுத்து அலுத்தவர் அவர். ஏசுவார் என்று பார்த்தால், "இன்னாத்துக்குடி ஒளிச்சே? கெளம்பு, நானும் வர்றேன்" என்றார்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரிசையில் பெரிய கூட்டம். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒருவர், கைக்குழந்தைக்காரி ஒருத்தி, கல்லூரிப் பையன் ஒருவன். பைத்தியம் என்று சொல்லும்படி ஒருவரையும் காணோம்! காத்திருந்தபோது மாமியார் மெல்லச் சொன்னார்: "சுனாமிக்கப்புறம் ஆறு மாசம் நான் கரைக்கே போவல. தலைவலின்னு சொல்லிட்டேன்." பதினைந்து வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் நாங்கள். இது எனக்குத் தெரியாது.

டாக்டரம்மாவுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பயப்பட வேண்டியது நடந்திருக்கிறதம்மா. நீங்கள் கற்பனை செய்யவில்லை. ஆனால் அந்த ராத்திரி முடிந்துவிட்டதென்று உங்கள் உடம்பு இன்னும் நம்பவில்லை" என்றார். நான் அழுதேன். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாகும், முதலில் கொஞ்சம் குமட்டலாம், சுகமானாலும் நானாக நிறுத்தக்கூடாது என்று விளக்கினார். தூக்க மாத்திரை மட்டும் சில நாளைக்குத்தான், பழகிவிடுமாம்.

வாளியைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். எடுத்துவிடச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். "இருக்கட்டும். அடுத்த வாரம் மூன்று துண்டு போடுங்கள்" என்றார். எனக்கு இதுதான் மருந்தைவிடப் பெரிதாகத் தோன்றியது.

கீழ்ப்பாக்கத்தைப் பற்றியும் பிற்பாடு விசாரித்தேன். 1794-இல் தொடங்கிய ஸ்தாபனமாம். 1961-இல் அதற்குத் தலைமை ஏற்றவர் டாக்டர் சாரதா மேனன் என்ற பெண்மணி. இதையெல்லாம் சொல்லாமல், கேலி செய்ய மட்டும் நமக்கு அந்தப் பேரைக் கற்றுக்கொடுத்தார்கள்! ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமானால் 14416 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை. அதுவும் 2022-இலிருந்தே இருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். காற்று திசை மாறினால் இன்னும் மூக்கு விடைக்கிறது. குழாய்களும் புகைபோக்கிகளும் எங்கேயும் போய்விடவில்லையே! வாளியில் இப்போது ஒரு துண்டு இருக்கிறது. புதன்கிழமை மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணும், "அக்கா, நானும் வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. காலை ஏழு மணி பஸ்ஸுக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னேன்.