திங்கட்கிழமையே வாங்கிய கையெழுத்து

1995இல் ஆந்திராவின் பாசர்லபூடியில் ஓர் எரிவாயுக் கிணறு இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. நாடே அதைப் பார்த்தது. ஆனால் கிணறு துளையிடும் ரிக்கில் ஒருவன் விரலை இழப்பதற்குத் தீயும் வேண்டாம், வெடிப்பும் வேண்டாம். டாங்ஸ் போதும்.

துளையிடும் குழாய் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 அடி. மரை முறுக்கி ஒன்றோடொன்று சேர்த்துத்தான் பூமிக்குள் இறக்குகிறார்கள். மேலே எடுக்கும்போது கழற்ற வேண்டும். அந்த மூட்டைக் கவ்விப் பிடிக்கக் கம்பிவடத்தில் தொங்கும் கனத்த இரும்புப் பிடிகள்தான் டாங்ஸ். ஆட்கள் அதைக் கையால் தள்ளிக்கொண்டுபோய் மாட்டுவார்கள். டிரில்லர் லீவரைத் தொட்டதும் பிடி வெடுக்கென்று இறுகும். மாட்டியவன் கை அதற்குள் விலகியிருக்க வேண்டும். இதையெல்லாம் இயந்திரமே செய்யும் ரிக்குகள் வந்துவிட்டன. நான் வக்கீல். என் கட்சிக்காரன் வேலை பார்த்தது பழைய ரிக்.

2013இல், காவிரி டெல்டாவில் ஒரு கிணற்றில், ஒரு புதன்கிழமை இரவு ஷிஃப்டில் அவனுடைய வலது கையின் நடு மூன்று விரல்களும் போயின. வயது 27. அம்மாவோடு என் அலுவலகத்துக்கு வந்தபோது அவனிடம் மருத்துவமனைச் சீட்டைத் தவிர ஒரு காகிதமும் இல்லை. வேலை உத்தரவு கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. கேட் பாஸ் இருந்திருக்கிறது. அதையும் மருத்துவமனையிலேயே சூப்பர்வைசர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் 12ஆவது பிரிவு எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய துணையாக இருந்தது. ஒப்பந்தக்காரரின் ஆள் அடிபட்டாலும், தன் தொழிலின் பகுதியாக அந்த வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம் என்றது அது. அவர்கள் பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். இரண்டு பேரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து, தொழிலாளர் துணை ஆணையர் முன் மனுப் போட்டேன்.

ஒப்பந்தக்காரர், அப்படி ஓர் ஆள் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை என்று பதில் போட்டார். முதன்மை நிறுவனம் வேறு வழியில் போனது. பாதுகாப்பு உத்தரவை இவன் வேண்டுமென்றே மீறினான் என்றது. சாவு, முழு நிரந்தர ஊனம் இவை தவிர்த்த வழக்குகளில் இந்த வாதத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமிருந்தது. வெறும் கவனக்குறைவு மட்டும் போதாது. உத்தரவு சொல்லப்பட்டிருக்க வேண்டும், தெரிந்தே மீறியிருக்க வேண்டும். அதை நிரூபிக்க டூல்பாக்ஸ் டாக் பதிவேட்டின் நகலைத் தாக்கல் செய்தார்கள். ஷிஃப்ட் தொடங்கும் முன் ஆட்களைக் கூட்டி அன்றைய அபாயங்களைச் சொல்லிக் கையெழுத்து வாங்கும் நோட்டு அது. புதன்கிழமைப் பக்கத்தில் ‘டாங்ஸில் கை வைக்கும் இடம்’ என்று தலைப்பு. கீழே இவன் பெயர், ஒப்பந்தக்காரர் பெயர், கையெழுத்து.

அவனை வரவழைத்துக் காட்டினேன்.

“இது உன் கையெழுத்தாப்பா?”

“ஆமா சார்.”

“அன்னிக்கு ராத்திரி டாங்ஸைப் பத்தி என்ன சொன்னாங்க?”

“கூட்டமே போடல சார். திங்கக்கிழமையே வாரம் பூராவுக்கும் சேத்து கையெழுத்து வாங்கிருவாங்க.”

அசல் பதிவேட்டை வரவழைக்க மனுப் போட்டேன். வாய்தா மேல் வாய்தாவாகப் போய்க் கடைசியில் வந்தது. நகலில் இல்லாத அடுத்த பக்கங்கள் அதில் இருந்தன. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளுக்கும் அதே நீல மையில் அவன் கையெழுத்து.

குறுக்கு விசாரணையில் பாதுகாப்பு அதிகாரியிடம் சுற்றி வளைக்கவில்லை.

“வியாழக்கிழமை இவர் உங்கள் கூட்டத்துக்கு வந்தாரா?”

“பதிவேட்டின்படி வந்திருக்கிறார்.”

“எந்தக் கையால் கையெழுத்துப் போட்டார்?”

பதில் இல்லை. அன்று காலை தஞ்சாவூரில் அவனுக்கு அறுவை சிகிச்சை நடந்த சான்று ஏற்கெனவே வழக்கில் சான்றாவணமாகக் குறிக்கப்பட்டிருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். பதிவேடு பொய் என்றால் மொத்தமாகத் தள்ளுங்கள், வேலை பார்த்ததற்கு மட்டும் அதை எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தனக்குச் சாதகமாக எழுதிக்கொண்டதை எழுதியவன் நிரூபிக்க வேண்டும். தனக்குப் பாதகமாக எழுதியதோ அவனைக் கட்டுப்படுத்தும் என்றேன். ரிக்குக்கு வராத ஆள் பெயரைப் பாதுகாப்பு நோட்டில் யார் எழுதுவார்கள்? ஆணையர் அதை ஏற்றார். வேலை உறவு நிரூபணம் ஆயிற்று. உத்தரவை மீறினான் என்ற வாதம் விழுந்தது.

தொகையில்தான் எனக்குத் தோல்வி. அவனுடைய நாள் கூலி 350 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 9,100. சட்டம் அப்போது 8,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தைக் கணக்கில் எடுக்காது. அதில் 60 சதவீதம் 4,800. 27 வயதுக்கான காரணி 213.57. பெருக்கினால் 10,25,136 ரூபாய். முழு ஊனம் என்றால் அவ்வளவும் கிடைத்திருக்கும். சட்டத்தின் அட்டவணையோ ஒரு கையில் மூன்று விரல் போனால் 30 சதவீதம் என்றது. இடது கையை இழந்த தச்சர் தன் தொழிலுக்கு முழுதும் தகுதியிழந்தவர் என்று உச்ச நீதிமன்றம் 1975இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் சொன்னதைக் காட்டினேன். ரிக் தளத்தில் பிடிமானம் இல்லாத கைக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்டேன். அங்கே கையே போனது, இங்கே கட்டைவிரல் இருக்கிறது, வேறு வேலை பார்க்கலாம் என்றார் ஆணையர். 3,07,541 ரூபாய், அதற்கு 12 சதவீத வட்டி. அந்த முடிவில் எனக்கு இன்றுவரை உடன்பாடு இல்லை.

உயர் நீதிமன்றம் போகலாம் என்றேன். “இன்னும் எத்தனை வருசம் சார் அலையறது?” என்று அவன் கேட்டதற்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லாததால் விட்டுவிட்டேன். பணத்தைக் கட்டியது முதன்மை நிறுவனம். ஒப்பந்தக்காரரின் பில்லில் அதைக் கழித்துக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அதன்பின் ரிக் விபத்து வழக்குகள் வேறு சிலவும் என்னிடம் வந்தன. எந்த எதிர்த்தரப்பும் அந்தப் பதிவேட்டைத் தானாகத் தாக்கல் செய்ததில்லை. ஒவ்வொரு முறையும் நான்தான் மனுப் போட்டு வரவழைக்க வேண்டியிருக்கிறது. ஒரு வழக்கில் நோட்டு மழையில் நனைந்து அழிந்துவிட்டது என்று பிரமாணப் பத்திரமே வந்தது.